ஃப்ரீட்ஹோஃப் என்ற சொல்லுக்குள் அமைதி எப்போது வந்தது?

ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர்கள் காதில் ஃப்ரீட்ஹோஃப் என்ற சொல் விழாத நாள் அரிது. இடுகாடு என்று பொருள். கணவரின் கல்லறைச் செடிகளுக்கு இந்த வாரம் யார் தண்ணீர் ஊற்றுவார்கள், குளிர் வருமுன் ஊசியிலைக் கிளைகளைப் பரப்பி மூடிவிட்டார்களா, ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தால் அங்கே கூட்டிப்போவானா என்று இல்லத்தில் இருப்பவர்கள் விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். செவிலியர் பயிற்சிக்கு வருமுன் நான் படித்த மொழிப் புத்தகங்களில் ரயில் நிலையமும் உணவகமும் வீடு தேடுவதும் இருந்தன. இந்தச் சொல் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு இது அன்றாடச் சொல்லாகிவிட்டது. இதன் பிறப்பைத் தேடிப்போன வழியில்தான் ஜெர்மன் கூட்டுச்சொற்களை எப்படி அணுக வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். மொழி படிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கூட்டுச்சொல்லைப் பின்னாலிருந்து பிரி என்பது வகுப்பில் சொல்லித்தரும் முதல் பாடம். கடைசிப் பகுதி எதைப் பற்றிய பேச்சு என்று சொல்லும். முன்பகுதி அது எப்படிப்பட்டது என்று சொல்லும். ப்ளூட்ட்ரூக் என்றால் ப்ளூட் இரத்தம், ட்ரூக் அழுத்தம். கிராங்கன்ஹவுஸ் என்றால் நோயாளிகளின் வீடு, அதாவது மருத்துவமனை. நம் தொகைச் சொற்களைப் பள்ளியில் விரித்து எழுதிப் பழகியவர்களுக்கு இது கடினமே இல்லை. அதே முறையில் ஃப்ரீட்ஹோஃப்பைப் பிரித்தால் ஹோஃப் என்பது முற்றம்; ஃப்ரீட என்பது அமைதி. அமைதியின் முற்றம். இடுகாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது என்று தோன்றும். ஹாலேயிலேயே பிறந்து வளர்ந்த என் சக ஊழியர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

சந்தேகத்தைக் கிளப்பியவர் எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டி. தெற்கு பவேரியாவில் மலையடிவாரக் கிராமத்தில் பிறந்தவர். திருமணமாகி வடக்கே வந்தவர். அவர் ஒருபோதும் ஃப்ரீட்ஹோஃப் என்று சொன்னதில்லை. "ஃப்ரைட்ஹோஃப்" என்பார். தாயும் தந்தையும் ஃப்ரைட்ஹோஃப்பில் தேவாலயச் சுவரை ஒட்டிப் படுத்திருக்கிறார்கள் என்பார். இளைய ஊழியர்கள் அதை வட்டார உச்சரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் அமைதியைக் குறிக்கும்போது ஃப்ரீட என்றுதான் சொன்னார். அந்த ஒலி அவர் வாயில் மாறவில்லை. இடுகாட்டின் பெயரில் மட்டும் 'ஐ' வந்தது. அப்படியானால் அவருடைய மொழியில் இந்த இரண்டும் ஒரே சொல் அல்லவே? இந்தக் கேள்வியோடுதான் அகராதியைத் திறந்தேன்.

எந்த அகராதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். வொல்ஃப்காங் ஃபைஃபரும் அவரோடு பணியாற்றியவர்களும் தொகுத்து, 1989இல் கிழக்கு பெர்லினில் வெளிவந்த சொற்பிறப்பியல் அகராதி, டி.டபிள்யூ.டி.எஸ். என்ற இணைய அகராதிக்குள் முழுமையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கட்டணம் இல்லை. ஒரு சொல்லைத் தட்டினால் இன்றைய பொருளுக்குக் கீழே அதன் வரலாறும் வரும். சுருக்கக் குறிகளைக் கண்டு மிரண்டுவிட வேண்டாம். ஏறக்குறைய 1050 வரையிலான பழைய மேட்டு ஜெர்மனுக்கு (தெற்கு, நடு ஜெர்மனியின் மேட்டு நிலங்களில் பேசிய ஜெர்மன்) ஒரு குறி, அதற்குப் பிந்திய இடைக்கால மேட்டு ஜெர்மனுக்கு ஒரு குறி. இவ்விரண்டையும் அடையாளம் கண்டுகொண்டால் பாதி தூரம் கடந்த மாதிரி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சில வடிவங்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்தது என்பதற்கு அடையாளம் அது. ஏட்டில் இருப்பதையும் ஊகித்து அமைத்ததையும் ஒன்றாகக் கலந்து படித்தால் எங்கோ போய் நிற்போம்.

அங்கே கிடைத்த விடை இதுதான். பழைய மேட்டு ஜெர்மனில் இந்தச் சொல்லின் முன்பகுதி அமைதியைக் குறிக்கும் சொல் அல்ல. ஃப்ரீட்டன் என்ற பழைய வினையிலிருந்து வந்தது அது. பேணுதல், அன்போடு காத்தல் என்பது அந்த வினையின் பொருள். ஜெர்மனுக்கு உறவான, இன்று வழக்கில் இல்லாத கோத்திய மொழியில் இதற்கு இணையான வினைக்கு, தீங்கு செய்யாமல் விட்டுவைத்தல் என்று பொருள். ஆக ஃப்ரீட்ஹோஃப் முதலில் தேவாலயத்தின் முன்னால் இருந்த, அடைத்துக் காக்கப்பட்ட முற்றம். பெயரில் பிணமும் இல்லை, கல்லறையும் இல்லை. தேவாலயத்தைச் சுற்றிப் புதைக்கும் வழக்கத்தால் அந்த முற்றத்தின் பெயர் இடுகாட்டின் பெயரானது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. சுடுகாடு, இடுகாடு இரண்டும் வினைத்தொகை. சுட்ட காடு, சுடுகின்ற காடு, சுடும் காடு என மூன்று காலத்துக்கும் விரியும். ஜெர்மனிலும் வினையின் வேரை முன்னால் வைத்துப் பெயரை ஒட்டும் வழக்கம் ஏராளம். ஷ்லாஃப்ட்சிம்மர், அதாவது படுக்கையறை, உறங்கும் அறைதான். பழைய ஃப்ரீட்ஹோஃப்பும் அந்த வகை என்று எடுத்துக்கொண்டால் காத்த, காக்கின்ற, காக்கும் முற்றம் என்று விரியும். ஜெர்மன் கூட்டுச்சொல்லைப் பார்த்ததும் முன்பகுதி பெயரா வினையா என்று கேட்கும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது. பெயர் என்று எண்ணி அகராதியில் துழாவிக் கிடைக்காத பல சொற்கள், வினை என்று தேடியதும் திறந்துகொண்டன.

சரி, அந்த மூதாட்டியின் 'ஐ' எங்கிருந்து வந்தது? இடைக்கால ஜெர்மனில் நெடில் 'ஈ' கொண்டிருந்த சொற்கள் பின்னர் 'ஐ' ஆயின. மீன் என்று ஒலித்த சொல் இன்று மைன், அதாவது 'என்னுடைய'. ஹூஸ் என்றது ஹவுஸ் ஆனதும் அதே அலையில்தான். ஆஸ்திரிய, பவேரியப் பகுதிகளில் தொடங்கி சில நூற்றாண்டுகளில் வடக்கு நோக்கிப் பரவிய மாற்றம் இது. சுவிட்சர்லாந்தின் பேச்சு ஜெர்மனில் இன்னும் மீ, ஹூஸ் என்று பழைய ஒலியே கேட்கிறது. இந்த விதிப்படி பழைய ஃப்ரீட்ஹோஃப் இன்று ஃப்ரைட்ஹோஃப் என்று ஆகியிருக்க வேண்டும். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் ஆகியும் இருக்கிறது. வியன்னாவில் புனித ஸ்டீஃபன் பேராலயத்தைச் சுற்றியிருந்த பழைய இடுகாட்டின் பெயரே ஸ்டெஃபான்ஸ்ஃப்ரைட்ஹோஃப்தான். அந்த மூதாட்டி கொச்சையாக எதையும் பேசவில்லை. ஒலி விதி சொன்ன நேர்வழியில் வந்த வடிவத்தைத்தான் தன் வாயில் வைத்திருந்தார்.

பொதுமொழியில் இருக்கும் வடிவம்தான் வழி விலகியது. இங்கே கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழைய வடிவமும் இன்றைய வடிவமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிப்பதால் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும். இன்றைய 'ஈ' பழைய 'ஈ'யின் மிச்சம் அல்ல. அமைதியைக் குறிக்கும் ஃப்ரீட இடைக்காலத்தில் குறில் 'இ'யோடு இருந்தது. பிறகு வேறொரு விதிப்படி நீண்டது. மக்கள் இடுகாட்டின் பெயரில் அந்தச் சொல்லைக் கேட்கத் தொடங்கியதும், அதன் உயிரொலியும் எழுத்தும் இதற்கு வந்து ஒட்டிக்கொண்டன. ஒலி பொருந்துகிறது என்பதாலேயே பிறப்பு பொருந்துகிறது என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

பழகிய சொல்லின் சாயலில் பழகாத பகுதியை மாற்றிக்கொள்ளும் இந்தப் போக்குக்கு எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்ட்டெமான் என்ற அறிஞர் 1852இல் ஃபோல்க்ஸ்எட்டிமொலொகி என்று பெயர் வைத்தார்; மக்கள் சொற்பிறப்பு என்று சொல்லலாம். ஜெர்மனில் இதற்கு எடுத்துக்காட்டுகள் கொட்டிக்கிடக்கின்றன. மண்ணைத் தோண்டி வாழும் மோல் என்ற சிறு விலங்குக்கு மவுல்வுர்ஃப் என்று பெயர். இன்றைய கண்ணுக்கு 'வாயால் எறிவது'. பழைய வடிவத்தில் அங்கே இருந்தது வாய் அல்ல, மண். ஊஞ்சல் படுக்கையான ஹெங்கமட்ட, தொங்கும் பாய் என்று அழகாகப் பிரியும். ஆனால் அது கரீபியன் தீவுகளின் டைனோ மொழியிலிருந்து ஸ்பானியம், டச்சு வழியாக வந்து ஜெர்மன் உடை உடுத்திய சொல். குறுக்குவில்லைக் குறிக்கும் ஆர்ம்ப்ரூஸ்ட்டில் கையும் மார்பும் தெரிகின்றன. உள்ளே இருப்பது லத்தீன். நோவா காலத்துப் பெருவெள்ளமான சின்ட்ஃப்ளூட் ஒரு காலத்தில் 'பாவ வெள்ளம்' என்று பொருள்படும் ஸுண்ட்ஃப்ளூட் ஆக எழுதப்பட்டு, பிறகு பழைய எழுத்துக்கே திரும்பியது. திரும்பி வந்த சொல் அபூர்வம்.

இத்தனையையும் பார்த்துவிட்டு எந்தக் கூட்டுச்சொல்லையும் நம்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சொல்லின் வயதைப் பாருங்கள் என்பேன். மருத்துவம், சட்டம், ரயில்வே, அலுவலகம் சார்ந்து கடந்த இருநூறு முந்நூறு ஆண்டுகளில் உருவான சொற்கள் பெரும்பாலும் பிரித்த இடத்தில் பிரிந்து, சொன்ன பொருளையே தரும். 1840இல் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபல் வைத்த கிண்டர்கார்ட்டன் என்ற பெயர் குழந்தைகளின் தோட்டமேதான். அதில் மர்மம் எதுவும் இல்லை. விலங்குகள், பழைய கருவிகள், திருநாட்கள், பிறப்பு இறப்பு சார்ந்த சொற்கள் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை. அவற்றைப் பிரிக்குமுன் அகராதியைப் பார்ப்பது நல்லது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஃபைஃபரோடு நிறுத்தாமல் கிரிம் சகோதரர்களின் பேரகராதியையும் பார்த்தேன். இரண்டு அகராதிகளை ஒப்பிடாமல் சொற்பிறப்பு பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. 1852இல் முதல் பகுதி வெளிவந்து 1961இல் முடிவடைந்த அந்த அகராதியில், ஃப்ரைட்ஹோஃப், ஃப்ரீட்ஹோஃப் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. யாகோப் கிரிம் 1863இல் இறந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்த சொல் ஃப்ருக்ட், அதாவது கனி. அகர வரிசையில் ஃப்ரீட்ஹோஃப் அதற்குச் சற்று முன்னால் வருவது. எனவே இந்தப் பதிவு அந்தக் கிழவர் தம் கடைசிக் காலத்தில் தம் கையாலேயே எழுதியது. முதுமையில் இடுகாட்டின் பெயருக்கு வேர் தேடிக்கொண்டிருந்த மனிதரை நினைக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது. இந்த அகராதியும் இணையத்தில் இலவசம்.

அகராதியில் இல்லாத பகுதியைத் தெரிந்துகொள்ள இடத்துக்கே போக வேண்டும். ஹாலேயில் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் மார்ட்டின்ஸ்பெர்க் மேட்டில் ஷ்டாட்கோட்டெஸாக்கர் இருக்கிறது. பெயரின் பொருள் நகரத்தின் கடவுள் வயல். விதைத்த உடல் ஒரு நாள் எழும் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை அந்த 'வயலில்' இருக்கிறது. 1557 முதல் நிக்கல் ஹோஃப்மான் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய கல் வளைவுகள் நான்கு பக்கமும் சூழ்ந்திருக்கின்றன, மொத்தம் 94. நடுவில் திறந்த புல்வெளி. அடைத்துக் காக்கப்பட்ட முற்றம் என்று அகராதியில் படித்தது எப்படி இருக்கும் என்று அந்த வளைவுகளுக்குள் நின்றபோதுதான் கண்ணால் பார்த்தேன்.

தமிழர்கள் அங்கே போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆகுஸ்ட் ஹெர்மான் ஃப்ரான்கேயின் கல்லறை ஒரு வளைவுக்குள் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்குக்கு ஹாலேயிலிருந்து பின்பலமாக நின்றவர் அவர். இந்த ஊரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள்தான் கடல் கடந்து தரங்கம்பாடிக்குப் போயின. 1715இல் அங்கே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஹாலேயில் அவர் தொடங்கிய ஃப்ரான்கே நிறுவனங்களின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன. வேலை முடிந்த மாலைகளில் அந்தக் கல்லறை முன்னால் நின்று தமிழில் பேசிக்கொள்ளும்போது, வெளியூர்க்காரி என்ற எண்ணம் எனக்கு வருவதில்லை.

இடுகாட்டின் பெயருக்குள் அமைதி புகுந்த மாற்றம் ஏன் நடந்தது என்பதற்கும், அந்தக் கல் வளைவுகள் எழுந்த காலத்தை ஒட்டித் தடயம் கிடைக்கிறது. இடைக்காலத்தில் தேவாலய முற்றம் அமைதியான இடமே அல்ல. அங்கே சந்தை கூடியது. ஊர்க் கூட்டம் நடந்தது. துரத்தப்பட்டவன் உள்ளே ஓடிவந்தால் அவனைத் தொடக் கூடாது என்ற அடைக்கல உரிமையும் இருந்தது. கொள்ளைநோய் பரவிய 1527இல் மார்ட்டின் லூதர் எழுதிய கடித நூலில், விட்டன்பெர்க் இடுகாடு ஊரிலேயே ஆள் நடமாட்டம் மிகுந்த இடமாக இருக்கிறது என்று வருந்தி, ஊருக்கு வெளியே ஒதுக்கமான இடத்தில் புதைப்பது நல்லது என்று வாதிடுகிறார். அந்த நூற்றாண்டில் பல ஊர்களில் இடுகாடுகள் மதிலுக்கு வெளியே போயின. 1794இல் பிரஷ்யாவின் பொதுச் சட்டம் தேவாலயத்துக்குள்ளும் நகரக் குடியிருப்புகளுக்கு நடுவிலும் புதைப்பதைத் தடைசெய்தது. தேவாலயத்தை விட்டு விலகியதும், தேவாலய முற்றம் என்று பொருள்படும் கிர்ஷ்ஹோஃப் என்ற பெயர் பொருந்தாமல் போயிற்று. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, சத்தமில்லாத இடத்துக்கு அமைதியின் முற்றம் என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. என் கணிப்பு இது: ஒலி மட்டும் ஃப்ரீடவை இழுத்து வரவில்லை, இடுகாடே அமைதியான இடமாக மாறியதும் அந்தப் பொருளை நிலைக்கச் செய்தது.

வேரைத் தோண்டிப் பார்த்தால் இரண்டு சொற்களும் அந்நியமும் அல்ல. ஃப்ரீட என்றால் பழைய காலத்தில் சத்தமின்மை அல்ல; பாதுகாப்பு உறுதி செய்யப்பட்ட நிலை. வேலியைக் குறிக்கும் ஐன்ஃப்ரீடுங் என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் தங்கியிருக்கிறது. வீட்டு மனை வாங்குபவர்களின் கட்டட அனுமதித் தாள்களில் அதைப் பார்க்கலாம். ஃப்ரீட, நண்பனைக் குறிக்கும் ஃப்ராய்ண்ட், சுதந்திரமான என்று பொருள்படும் ஃப்ரை எல்லாம் நேசித்தல் என்ற ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். சமஸ்கிருதத்தின் 'ப்ரிய'வும் அந்த வேரே. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பிரியம் என்ற சொல்லுக்கும் இந்த இடுகாட்டின் பெயருக்கும் தூரத்து உறவு உண்டு என்று தெரிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

செவிலியர் வேலைக்கு வரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் நான் சொல்வது ஒன்று உண்டு. துணையை இழந்து உட்கார்ந்திருப்பவரிடம் போய் உங்கள் ஃப்ரீட்ஹோஃப்பில் இருப்பது அமைதி அல்ல என்று விளக்கக் கூடாது. அவருக்கு அது அமைதியேதான். சில நூறு ஆண்டுகளாக மக்கள் அந்தப் பொருளில் வாழ்ந்திருக்கிறார்கள், அதுவும் சொல்லின் வரலாறுதான். சொற்பிறப்பைப் பேச வேறு நேரம் இருக்கிறது. முதியவர்கள் நல்ல மனநிலையில் இருக்கும்போது, உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். மனம் விட்டுப் பேசுவார்கள்; எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத வடிவங்கள் கிடைக்கும். கிடைத்ததைக் கேட்டபடியே, எந்த ஊர்க்காரர் சொன்னது என்ற குறிப்போடு எழுதிவையுங்கள். திருத்தி எழுதினால் தடயம் அழிந்துவிடும்.

ஃப்ரீட்ஹோஃப்பை முன்னால் வைத்துக் கட்டிய நீண்ட சொற்களும் வேலையில் வரும். அப்போது நடுவில் ஒரு 'ஸ்' சேரும்: ஃப்ரீட்ஹோஃப்ஸ்ஃபெர்வால்ட்டுங் என்றால் இடுகாட்டு நிர்வாகம். இந்த 'ஸ்' பெரும்பாலும் எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். இவற்றில் நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஃப்ரீட்ஹோஃப்ஸ்ட்ஸ்வாங். அஸ்தியை இடுகாட்டில்தான் வைக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அது. எரித்த பிறகு அஸ்தியை வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு நதியில் கரைப்பது என்ற நம் வழக்கம் இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அப்படியே நடக்காது. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ப்ரேமன் 2015இல் நிபந்தனைகளோடு தளர்த்தியது. குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் தகனத்துக்குத் தேதி குறிக்குமுன், அஸ்தியை இந்தியாவுக்கு அல்லது இலங்கைக்கு எடுத்துப்போக விரும்புவதை இறுதிச்சடங்கு நிறுவனத்திடம் சொல்லி, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். தகனம் முடிந்த பிறகு கேட்டால் அலைச்சல் அதிகம்.

2001இல் காசல் நகரத்துக்கு அருகே ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காட்டில், மர வேர்களின் அடியில் அஸ்திக் கலசத்தைப் புதைக்கும் முறை ஜெர்மனியில் தொடங்கியது. அதற்கு ஃப்ரீட்வால்ட் என்று பெயர். வால்ட் என்றால் காடு. இந்தச் சொல்லில் ஃப்ரீட் ஐயத்துக்கு இடமின்றி அமைதிதான். பழைய வினைக்கு இதில் பங்கே இல்லை. மக்கள் தவறாகக் கேட்ட ஒரு பகுதி தனியே பிரிந்து, இன்னொரு சொல்லைப் பெற்றெடுத்துவிட்டது. அடைத்துக் காத்த முற்றத்திலிருந்து வந்த அந்தப் பெயர் இப்போது நிற்கும் காட்டில் பெரும்பாலும் வேலி கிடையாது. நடைபயிற்சிக்கு வருபவர்கள் வழக்கம்போல் போய்வருகிறார்கள்.